கணினிக்குப் பாடம் சொன்ன காகிதப் பட்டை

1935 டிசம்பர் 1 அன்று நியூயார்க்கை அடுத்த நியூவார்க் விமான நிலையத்தில் ஒரு புதிய அறை இயங்கத் தொடங்கியது. நடுவில் பெரிய மேசை, அதன்மேல் வான்வழிகள் குறித்த வரைபடம், சுவரில் ஒரு கரும்பலகை, சில தொலைபேசிகள். அவ்வளவுதான். ரேடார் கிடையாது. அந்த அறையிலிருந்து விமானியிடம் நேரடியாகப் பேசவும் முடியாது. விமானி தன் நிறுவனத்தின் வானொலி ஊழியரிடம் தான் இருக்கும் இடத்தைச் சொல்வார். அவர் தொலைபேசியில் இந்த அறைக்குச் சொல்வார். கேட்டவர் கரும்பலகையில் நேரத்தை எழுதிவிட்டு, வரைபடத்தின்மேல் படகு வடிவில் இருந்த ஒரு சிறு துண்டை அடுத்த இடத்துக்கு நகர்த்துவார். ஒவ்வொரு துண்டிலும் ஒரு விமானத்தின் எண் எழுதிய சீட்டு செருகப்பட்டிருக்கும். அவற்றுக்கு ‘இறால் படகு’ என்று அங்கிருந்தவர்கள் செல்லப்பெயர் வைத்திருந்தார்கள்.

இதை அமைத்தது அரசாங்கம் அல்ல. போட்டி விமான நிறுவனங்களே கூடி அமைத்துக்கொண்ட ஏற்பாடு இது. மேகத்துக்குள் பறக்கும் இரண்டு விமானிகளால் ஒருவரையொருவர் பார்க்க முடியாது என்பதால், இருவரையும் சேர்த்துப் பார்க்கும் மூன்றாவது ஆள் தேவைப்பட்டார். அடுத்த ஆண்டிலேயே சிகாகோவிலும் கிளீவ்லாந்திலும் இதேபோன்ற அறைகள் வந்தன. 1936 ஜூலை 6 அன்று அமெரிக்க அரசு மூன்றையும் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது.

விமானங்கள் பெருகியபோது கரும்பலகை திணறியது. அழித்துவிட்டால் பழைய தகவல் போய்விடும். வரிசையை மாற்ற வேண்டுமென்றால் எல்லாவற்றையும் மறுபடி எழுத வேண்டும். அதற்கு விடையாகத்தான் ஒரு விமானத்துக்கு ஒரு காகிதம் என்ற முறை பரவியது. ஏறக்குறைய ஒரு சாண் நீளம், ஓர் அங்குல அகலம். அதை ஒரு தாங்கியில் செருகி, சாய்வான பலகையில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குவார்கள். ‘ஃபிளைட் புரோகிரஸ் ஸ்ட்ரிப்’ என்பது இதன் முழுப்பெயர். உலகெங்கும் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களுக்கு இது வெறும் ஸ்ட்ரிப். நாம் பட்டை என்போம்.

அந்தப் பட்டையின் அழகு, அதில் உள்ள தகவலைவிட அது வைக்கப்படும் விதத்தில் இருந்தது.

பட்டையில் கட்டம் கட்டமாக விமானத்தின் அழைப்புப்பெயர், வகை, வேகம், உயரம், செல்லும் வழி, வழியில் உள்ள ஒரு குறியிடத்தை அது கடக்கும் உத்தேச நேரம் ஆகியவை இருக்கும். பலகையில் ஒவ்வொரு குறியிடத்துக்கும் ஒரு தலைப்பு உண்டு. அந்த இடத்தைக் கடக்கப்போகும் விமானங்களின் பட்டைகள் அந்தத் தலைப்பின்கீழ் நேர வரிசையில் நிற்கும். ஒன்று 10.32க்குக் கடக்கிறது, அடுத்தது 10.35க்கு, இரண்டும் 31,000 அடியில் என்றால் அந்த இரண்டு எண்களும் ஒன்றுக்கொன்று மேலும் கீழுமாகக் கண்ணில் படும். எந்தக் கணக்கும் போடாமலே, இங்கே ஆபத்து இருக்கிறது என்பது தெரிந்துவிடும். ரேடார் இல்லாத காலத்தில் வானத்தைப் பார்க்க இருந்த ஒரே சாளரம் இந்த அடுக்குதான். பெருங்கடல்களுக்கு மேலே, ரேடார் எட்டாத இடங்களில், இந்த அடுக்கு முறைதான் பல பதிற்றாண்டுகள் நீடித்தது.

உயரத்தை மாற்றச் சொன்னால் பழைய எண்ணை அழிக்கமாட்டார்கள். ஒரு கோடு போட்டு அடித்துவிட்டுப் பக்கத்தில் புதியதை எழுதுவார்கள். ஆகவே அந்த விமானத்தின் கதை முழுவதும் பட்டையிலேயே கிடக்கும். ஷிஃப்ட் மாறி வருபவர் அதைப் படித்தாலே நடந்ததெல்லாம் தெரியும். கவனிக்க வேண்டிய விமானம் என்றால், அதன் பட்டையைத் தாங்கியோடு சற்று வெளியே இழுத்துச் சாய்த்து வைப்பார்கள். ஒழுங்கான வரிசையில் ஒன்று மட்டும் கோணலாக நின்றால், அதை மறக்கவே முடியாது. ஓடுபாதையில் வண்டி ஏதாவது நின்றால், விமான நிலையக் கோபுரத்தில் இருப்பவர்கள் பலகையில் ஓடுபாதைக்கான இடத்தில் ஒரு தனிப் பட்டையைக் குறுக்கே வைத்துவிடுவார்கள். அது இருக்கும்வரை கை தானாக நின்றுவிடும். கோபுரத்திலிருந்து கீழே உள்ள ரேடார் அறைக்குக் குழாய் வழியாகப் பட்டையை நழுவவிடும் வழக்கமும் சில இடங்களில் இருந்தது. அது விழும் சத்தமே அடுத்த விமானம் கிளம்பிவிட்டது என்ற செய்தி.

இவற்றில் பெரும்பகுதி எந்தக் கையேட்டிலும் முழுதாக இல்லை. வேலை செய்தவர்கள் தங்களுக்குள் உண்டாக்கிக்கொண்ட பழக்கங்கள் இவை. பின்னால் வந்த மென்பொருள்காரர்கள் இடறி விழுந்ததும் இங்கேதான்.

கணினியும் காகிதமும் ஆரம்பத்தில் எதிரிகளாக இருக்கவில்லை. 1956 ஜூன் 30 அன்று அரிசோனாவின் கிராண்ட் கேன்யனுக்கு மேலே டி.டபிள்யூ.ஏ. நிறுவனத்தின் விமானமும் யுனைடெட் நிறுவனத்தின் விமானமும் மோதி, இரண்டிலும் இருந்த 128 பேரும் இறந்தார்கள். அமெரிக்காவே அதிர்ந்தது. கட்டுப்பாட்டு முறையை நவீனப்படுத்தப் பணம் கொட்டப்பட்டது. 1958இல், விமானப் போக்குவரத்தைக் கவனிக்கும் இன்றைய எஃப்.ஏ.ஏ. அமைப்புக்கான சட்டம் வந்தது. அதே 1956இல் இண்டியானாபொலிஸ் கட்டுப்பாட்டு மையத்தில் ஐ.பி.எம். 650 கணினி ஒன்றைச் சோதனைக்கு வைத்தார்கள். அதன் வேலை பட்டைகளைத் தயாரிப்பது. அட்லாண்டிக்கைக் கடக்கும் விமானங்களைக் கவனிக்கும் ஸ்காட்லாந்தின் பிரெஸ்ட்விக் மையத்திலும், அறுபதுகளில் ஃபெராண்டி நிறுவனத்தின் அப்பல்லோ கணினிக்கு இதே வேலைதான். எழுபதுகளின் நடுவில் அமெரிக்காவின் பெரிய மையங்கள் அனைத்திலும் ஐ.பி.எம். 9020 கணினிகள் நிறுவப்பட்டிருந்தன. ரேடார் திரையில் ஒவ்வொரு புள்ளிக்கும் பக்கத்தில் விமானத்தின் பெயரும் உயரமும் எழுத்தாகத் தெரிந்தன. ஆனாலும் கட்டுப்பாட்டாளரின் பக்கத்தில் அச்சு இயந்திரம் பட்டைகளைத் துப்பிக்கொண்டேதான் இருந்தது. கையால் எழுதிக்கொண்டிருந்த உதவியாளரின் வேலையைக் கணினி எடுத்துக்கொண்டது. பட்டையின் வேலையை எடுத்துக்கொள்ளவில்லை.

பட்டையின் வேலையையும் கணினியிடம் கொடுக்கும் ஆசை எண்பதுகளில்தான் பிறந்தது. 1981 ஆகஸ்டில் அமெரிக்கக் கட்டுப்பாட்டாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, அதிபர் ரீகன் 11,000க்கும் மேற்பட்டவர்களை ஒரேயடியாக வேலையை விட்டு நீக்கினார். அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் வெளியான நவீனமயத் திட்டம், குறைந்த ஆட்களைக் கொண்டு அதிக விமானங்களைக் கையாள்வதைக் கனவு கண்டது. அதன் மையத்தில் இருந்தது ‘அட்வான்ஸ்டு ஆட்டோமேஷன் சிஸ்டம்’ என்ற பிரம்மாண்டமான மென்பொருள். 1988இல் ஐ.பி.எம். அந்த ஒப்பந்தத்தைப் பெற்றது. காகிதமே இல்லாத மேசை, எல்லாம் வண்ணத் திரையில் என்பது வாக்குறுதி.

திட்டம் கைமீறிப் போனதற்குக் காரணங்கள் பல: ஓயாமல் மாறிய தேவைகள், ஒரு நொடியும் நிற்கக்கூடாது என்ற கடுமையான நிபந்தனை, ஏராளமான நிரல் வரிகள். ஆனால் அமெரிக்க நாடாளுமன்றத்துக்காகக் கணக்குப் பார்த்த தணிக்கை அமைப்பின் அறிக்கைகளில் ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வந்தது. காகிதப் பட்டையை எப்படித் திரைக்கு மாற்றுவது என்ற கேள்விக்கு முடிவே கிடைக்கவில்லை. பட்டையின் எந்தக் கட்டம் எங்கே வரவேண்டும், எதை யார் மாற்றலாம், எப்படிச் சாய்ப்பது என்று கட்டுப்பாட்டாளர்களும் பொறியாளர்களும் பல ஆண்டுகள் வாதிட்டார்கள். 1994இல் திட்டம் பெருமளவு கைவிடப்பட்டது. செலவான 260 கோடி டாலரில் ஏறக்குறைய 150 கோடி வீணாகிவிட்டதாகக் கணக்கிடப்பட்டது. அதன் இடத்தில் வந்த புதிய மேசைகளில் திரைகள் புதியவை. பக்கத்திலேயே காகிதப் பட்டைக்கான பலகை பழையபடி இருந்தது.

பொறியாளர்கள் திறமை குறைந்தவர்கள் என்று இதை எடுத்துக்கொள்வது அநியாயம். அவர்கள் பட்டையைத் தகவல் தாங்கிய ஒரு பொருளாகப் பார்த்தார்கள். அதைக் கையாளும் கையைப் பார்க்க அவர்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

அதைப் பார்க்கப் போனவர்கள் சமூகவியலாளர்கள். எண்பதுகளின் இறுதியில் இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் ஹியூஸ், டேவ் ராண்டல், டான் ஷாபிரோ ஆகியோர் லண்டனுக்கு மேற்கே வெஸ்ட் டிரேட்டனில் இருந்த கட்டுப்பாட்டு மையத்தில் போய் உட்கார்ந்தார்கள். மானுடவியலாளர் ஒரு கிராமத்தில் தங்கிக் கவனிப்பதைப் போல மேசைக்குப் பக்கத்தில் இருந்து கவனித்தார்கள். அதே பல்கலைக்கழகத்தின் கணினித் துறையில் இருந்த இயன் சம்மர்வில், டாம் ராடன் போன்றவர்கள் அவர்களோடு சேர்ந்து வேலை செய்தார்கள். இரு துறையினரும் முதலில் ஒருவர் மொழியை ஒருவர் புரிந்துகொள்ளவே சிரமப்பட்டார்கள். பொறியாளர்களின் இயல்பான எண்ணம், பட்டைகளைக் கணினியே நேர வரிசையில் அடுக்கிவிட்டால் மனிதருக்கு ஒரு வேலை மிச்சம் என்பது. கவனித்தவர்கள் கொண்டுவந்த செய்தி நேர்மாறானது. புதிய பட்டை வந்ததும் கட்டுப்பாட்டாளர் அதைக் கையில் எடுத்து, எங்கே செருகுவது என்று பார்க்கும் அந்த இரண்டு மூன்று நொடிகளில்தான் மற்றப் பட்டைகளோடு ஒப்பிடுகிறார். சிக்கல் இருந்தால் அப்போதுதான் தெரிகிறது. அந்த வேலையை மிச்சப்படுத்தினால், கவனமும் சேர்ந்து போய்விடும்.

மனித உழைப்பைக் குறைப்பதுதான் மென்பொருளின் நோக்கம் என்று நம்பிய ஒரு தலைமுறைக்கு இது கசப்பான கண்டுபிடிப்பு. திரைவடிவமைப்பு என்ற துறையின் வரலாற்றில் இதைவிடப் பயனுள்ள கள ஆய்வுகள் சிலவே இருக்கும்.

பிரான்சில் இதை இன்னொருவர் மேலும் நுணுக்கமாகப் பார்த்தார். வெண்டி மக்கே என்ற ஆய்வாளர், பாரிஸின் ஓர்லி விமான நிலையத்தை ஒட்டிய ஆதி-மோன்ஸ் மையத்தில் ஒரு குழுவோடு நான்கு மாதங்கள் செலவிட்டார். அங்கே ஒரு மேசையில் இருவர் அருகருகே உட்கார்ந்திருப்பார்கள்; ஒருவர் விமானியிடம் பேசுவார், மற்றவர் பக்கத்து வான்பகுதிகளோடு பேசித் திட்டமிடுவார். பேசிக்கொண்டிருப்பவரின் கவனத்தைக் கலைக்காமல், மற்றவர் ஒரு பட்டையை அவர் கண்ணோரத்தில் படும்படி நகர்த்தி வைப்பார். அவசரமென்றால் நேரே முன்னால் வைப்பார். அவசரத்தின் அளவு, வைக்கும் விதத்திலேயே தெரிந்துவிடும். நெரிசல் மிகும்போது மூன்றாமவர் எழுந்து வந்து நின்று, யாரும் எதுவும் விளக்காமலே பலகையைப் பார்த்து நிலைமையைப் புரிந்துகொள்வார். 1999இல் வெளியான மக்கேயின் கட்டுரை, காகிதம்தான் பாதுகாப்பானதோ என்ற கேள்வியையே தலைப்பாகக் கொண்டிருந்தது. காகிதத்தை ஒழிப்பதற்குப் பதிலாகக் காகிதத்தையே கணினியோடு இணைத்தால் என்ன என்று அவரது குழு முயன்று பார்த்தது. பட்டையை வைக்கும் இடத்தையும் அதில் எழுதுவதையும் கணினி உணர்ந்துகொள்ளும் மாதிரிகள் செய்யப்பட்டன. அவை மையங்களில் நிலைக்கவில்லை. ஆனால் அடுத்து வந்த வடிவமைப்பாளர்கள் பலர் அவற்றைப் பற்றிப் படித்தார்கள்.

அதே தொண்ணூறுகளில் அமெரிக்காவில் இன்னொரு மோதல். விமான நிலையங்களைச் சுற்றியுள்ள வான்பகுதிக்காக ‘ஸ்டார்ஸ்’ என்ற புதிய அமைப்பைச் செய்துதர 1996இல் ரேதியான் நிறுவனத்துக்கு ஒப்பந்தம் கிடைத்தது. பழைய ரேடார் மேசையில் வெளிச்சத்தைக் கூட்டவும் குறைக்கவும் திருகுகள் இருந்தன. கட்டுப்பாட்டாளர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே கையால் தடவித் திருகுவார். புதியதில் அவையெல்லாம் திரைக்குள் பட்டியல்களாகப் போய்விட்டன. திறக்கும் பட்டியல் பெட்டி, தனக்குக் கீழே பறக்கும் விமானத்தையே மறைத்துவிடும். அலுவலகக் கணினியில் இது யாருக்கும் தொந்தரவு இல்லை. நூற்றுக்கணக்கான உயிர்களை ஏற்றிய ஒரு புள்ளி ஒரு நொடி மறைவது இங்கே சகிக்க முடியாதது. கட்டுப்பாட்டாளர்கள் கொதித்தார்கள். திருத்த வேண்டியவற்றின் பட்டியல் நீண்டது. காலமும் செலவும் ஏறின. கடைசியில் அவர்களையே வடிவமைப்புக் குழுவில் சேர்த்த பிறகுதான், ஆயிரம் சமரசங்களோடு அது எல் பாஸோவிலும் சிராக்யூஸிலும் முதலில் இயங்கத் தொடங்கியது.

பிரிட்டனிலும் இதே கதைதான். லண்டன் வான்பகுதிக்கான ஸ்வான்விக் மையம் 1996இல் திறக்க வேண்டியது. திறந்தது 2002 ஜனவரி 27 அன்று. செலவு 60 கோடி பவுண்டுக்கும் மேல். இவ்வளவுக்குப் பிறகும், திறந்த சில மாதங்களிலேயே திரையில் எழுத்துகள் மிகச் சிறியவை என்ற புகார் வெளிவந்தது. உயர எண்களைத் தவறாகப் படித்ததும், கிளாஸ்கோ செல்லும் விமானத்தைக் கார்டிஃப் செல்வதாக நினைத்ததும் செய்திகளாயின. இரண்டு நிலையங்களுக்கும் நான்கெழுத்துக் குறியீடு உண்டு: கிளாஸ்கோவுக்கு இ.ஜி.பி.எஃப்., கார்டிஃபுக்கு இ.ஜி.எஃப்.எஃப். ஆங்கிலத்தில் ‘பி’க்கும் ‘எஃப்’க்கும் இடையே இருப்பது ஒரு சிறு வளைவு. சிறிய எழுத்தில் அந்த வளைவு கரைந்துபோகும். மாபெரும் மென்பொருள் ஒன்றின் வெற்றி தோல்வி, ஓர் எழுத்துருவின் அளவில் தொங்கிக்கொண்டிருந்தது.

சரியான விடைகள் சிறிய இடங்களிலிருந்து வந்தன. பிரான்சின் துலூஸ் நகரில் கிறிஸ்தோஃப் மெர்ட்ஸ், ஸ்தெஃபான் ஷாத்தி, ழான்-லுக் வினோ ஆகியோர் 2000 வாக்கில் ‘டிஜிஸ்ட்ரிப்ஸ்’ என்ற தொடுதிரை மாதிரியைச் செய்தார்கள். கைபேசித் தொடுதிரை உலகைப் பிடிக்கப் பல ஆண்டுகள் இருந்த காலம் அது. அதில் பட்டையை விரலால் இழுக்கலாம், சாய்த்து வைக்கலாம். கணினி கொடுத்த தகவல் ஓர் எழுத்துருவிலும், கட்டுப்பாட்டாளர் இட்டது கையெழுத்தை ஒத்த வேறோர் எழுத்துருவிலும் தெரியும். எது இயந்திரம் சொன்னது, எது மனிதர் முடிவு செய்தது என்பது ஒரே பார்வையில் பிரிந்துவிடும். பட்டை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குச் சட்டென்று தாவாது. கண் பின்தொடரும் வேகத்தில் நகரும். வரைகலைஞர் ஒருவரைக் குழுவில் முழு உறுப்பினராக வைத்துச் செய்த வேலை என்பது அதன் ஒவ்வொரு விவரத்திலும் தெரிகிறது.

கனடாவில் இன்னும் நேரடியான பாதை. நாடு முழுதும் கட்டுப்பாட்டுப் பணியை நடத்தும் ‘நாவ் கனடா’, பெருந்திட்டம் எதையும் அறிவிக்காமல், வேலை தெரிந்த கட்டுப்பாட்டாளர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மின்பட்டை மென்பொருளைப் படிப்படியாக வளர்த்தது. திரையில் தெரிவது ஏறத்தாழ அதே பழைய பட்டைதான்: அதே கட்டங்கள், வருகைக்கும் புறப்பாட்டுக்கும் வெவ்வேறு நிறம், இழுத்து வைக்கும் அடுக்கு. கற்பனை குறைந்த வடிவமைப்பு என்று இதைக் குறைசொல்பவர்கள் உண்டு. பல பதிற்றாண்டு உழைப்பில் தேர்ந்த ஒரு வடிவத்தைப் பறித்துவிட்டுப் புதியது கொடுக்காததே இதன் பலம். இரண்டாயிரத்துக்குப் பிறகு ஹீத்ரோ உள்ளிட்ட பிரிட்டிஷ் விமான நிலையக் கோபுரங்கள் இதையே வாங்கிப் பயன்படுத்தின. ஸ்வான்விக்கின் நெடுந்தூர வான்பகுதியில் 2011இல் ‘ஐஃபேக்ட்ஸ்’ வந்தபோது அங்கும் காகிதம் விடைபெற்றது. அந்த மென்பொருள் பதினைந்து நிமிடத்துக்கு மேல் முன்னோக்கிப் பார்த்து, எந்த இரண்டு விமானங்கள் நெருங்கும் என்று காட்டும். முடிவெடுப்பது இப்போதும் மனிதர்தான். கனவைத் தொடங்கிவைத்த அமெரிக்காவில், கோபுரங்களுக்கான மின்பட்டை முறையான அமைப்பாக 2022இல்தான் கிளீவ்லாந்தில் முதலில் வந்தது. 1936இல் மூன்றாவது மையம் உருவான அதே நகரம்.

காகிதம் போன இடத்தில் ஒரு புதிய கவலை வந்து உட்கார்ந்திருக்கிறது. 2023 ஆகஸ்ட் 28 அன்று பிரிட்டனில், லாஸ் ஏஞ்சலஸிலிருந்து பாரிஸ் செல்லும் ஒரு விமானத்தின் பயணத் திட்டத்தில் ஒரே பெயர் கொண்ட இரண்டு குறியிடங்கள் இருந்தன. ஒன்று அமெரிக்காவின் டெவில்ஸ் லேக், மற்றது பிரான்சின் தோவில், இரண்டுக்கும் டி.வி.எல். என்ற ஒரே மூன்றெழுத்து. பயணத் திட்டங்களைப் படிக்கும் மென்பொருள் குழம்பித் தன்னைத்தானே நிறுத்திக்கொண்டது; மாற்று அமைப்பும் அதே திட்டத்தைப் படித்து அதேபோல் நின்றது. எல்லாம் இருபது நொடிகளுக்குள். அதன்பின் பயணத் திட்டங்களைக் கையால் உள்ளிட வேண்டியிருந்ததால், மணிக்கு ஏறக்குறைய 400 திட்டங்கள் போன இடத்தில் 60தான் போயின. ஏழு லட்சம் பயணிகளுக்கு மேல் அவதிப்பட்டார்கள்.

2025 நவம்பர் தொடக்கத்தில் டெல்லியிலும் இதன் சாயல் தெரிந்தது. பயணத் திட்டங்களைக் கட்டுப்பாட்டாளரின் திரைக்குக் கொண்டுசேர்க்கும் செய்திப் பரிமாற்ற அமைப்பு பழுதாகி, 800க்கும் மேற்பட்ட விமானங்கள் தாமதமாயின. கட்டுப்பாட்டாளர்கள் திட்டங்களைக் கைமுறையாகத் தயாரித்தார்கள். கணினி நின்றாலும் பலகையில் இருந்த காகிதம் அப்படியே நிற்கும். நிலைமையின் கடைசிப் படம் கையில் இருக்கும். திரை மட்டும் உள்ள மேசையில் அந்தப் படத்தை வேறு வழியில் காப்பாற்றித் தரவேண்டும். அதனால் மின்பட்டைக்கு மாறிய பல நிலையங்கள், அவசரத்துக்கு அப்போதைய பட்டைகளைக் காகிதத்தில் அச்சிடும் வசதியை அமைப்புக்குள்ளேயே வைத்துக்கொண்டிருக்கின்றன. அந்த அச்சின் கட்டங்களும் பழைய பட்டையின் வரிசையிலேயே வருகின்றன.